வாயைக் கட்டத் தெரியாதவளா நான்?

கேள்வி: எனக்கு 36 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உயரம் 158 செ.மீ., எடை 91 கிலோ. ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் சாப்பிட்டும் போன மாதம் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 8.6. நெஞ்செரிச்சலுக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. மூட்டு வலி தாங்காத நாட்களில் வலி மாத்திரை. மூன்று முறை உணவைக் கட்டுப்படுத்தி எடை குறைத்தேன். சோற்றைக் குறைத்துக் கறி, முட்டை சாப்பிடும் பேலியோவில் 14 கிலோ குறைந்தது. ஒன்றரை வருடத்தில் 17 கிலோ ஏறிவிட்டது. பகலெல்லாம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறைக்குப் போய்விடுகிறேன். ஒரு மருத்துவமனையில், எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். சர்க்கரை முற்றிலும் போய்விடுமாம். இந்த மாத இறுதிக்குள் முன்பணம் கட்டினால் 40 ஆயிரம் ரூபாய் குறைப்பார்களாம். கணவர், 'உன் விருப்பம்' என்கிறார். 'வாயைக் கட்டத் தெரியாதவள் வயிற்றை அறுத்துக்கொள்ளப் போகிறாளாம்' என்கிறார் மாமியார். அவரும் சர்க்கரை நோயாளிதான். சென்னையில் ஓர் இளைஞர் இந்தச் சிகிச்சையில் இறந்தது நினைவுக்கு வந்து பயமாக இருக்கிறது. எடை குறைய ஊசி போட்டாலே போதும் என்கிறார் அலுவலகத் தோழி. ஒரு மகள் இருக்கிறாள். இன்னொரு குழந்தைக்கும் ஆசை. என் சோம்பேறித்தனத்துக்கு அறுவை சிகிச்சைதான் வழியா? செய்துகொள்ளலாமா, கூடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. சர்க்கரை நோயாளிகளை அதிகம் பார்க்கும் பொது மருத்துவர். சிலரை அறுவைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன், சிலரைத் தடுத்திருக்கிறேன். அறுவை முடிந்து எல்லோரும் பாராட்டி ஓய்ந்த பிறகு, மூன்றாம் வருடமும் ஐந்தாம் வருடமும் அவர்கள் வந்து உட்காருவது என் எதிரில்தான். அந்த நாற்காலியிலிருந்து பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களைத் தொட்டுப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

'சோம்பேறித்தனம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று முறை எடையைக் குறைத்தவர் சோம்பேறியாக இருக்க முடியாது. 14 கிலோ குறைப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும்; நான் ஐந்து கிலோ குறைப்பதற்கே இரண்டு வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன். குறைத்த பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் உங்களுக்கு யாரும் விளக்கவில்லை.

எடை சட்டென்று இறங்கினால் உடல் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடுகிறது. 'கையிருப்பு போதும்' என்று மூளைக்குத் தகவல் சொல்லும் லெப்டின் குறைகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலும் இறங்கிவிடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. ஆனால் உடலின் செலவு மட்டும் பழையபடி ஏறவில்லை. அவர்கள் உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. மூன்று, நான்கு தோசைக்குச் சமம் அது. பக்கத்து வீட்டுப் பெண் சாப்பிடும் அதே அளவைச் சாப்பிட்டாலும் உங்களுக்கு மட்டும் எடை ஏறுவதன் கணக்கு இதில் பாதி இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

அடுத்து அளவுகோல். எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. உங்களுக்கு 36.5. அமெரிக்காவில் 1991இல் வகுத்த விதிப்படி, இந்த அறுவைக்கு பிஎம்ஐ 40ஐத் தொட வேண்டும், அல்லது வேறு நோய்களோடு 35ஆவது இருக்க வேண்டும். 2022இல் இந்த அறுவை மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பும் சர்வதேச அமைப்பும் சேர்ந்து இதைத் தளர்த்தின: 35ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம். நமக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்றால், அது சலுகையே இல்லை. அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட நம் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். சர்க்கரை நோய் நம்மைக் குறைந்த எடையிலேயே பிடித்துக்கொள்கிறது. ஆக, எந்த விதியை எடுத்தாலும் நீங்கள் தகுதிக்குள் வருகிறீர்கள். மருத்துவமனைக்காரர்கள் சொன்னதில் இந்த மட்டும் உண்மை.

'சர்க்கரை முற்றிலும் போய்விடும்' என்றார்களே, அதற்கு வருவோம்.

இந்த அறுவை, இரைப்பை சிறிதாகிவிடுவதால் மட்டும் வேலை செய்வதில்லை. குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் மாறுகின்றன, பசி குறைகிறது. எடை இறங்கத் தொடங்கும் முன்பே, சில நாட்களுக்குள் சர்க்கரை இறங்குவதை நானே பார்த்து வியந்திருக்கிறேன். ஆனால் ஐந்து வருடம் கழித்து? அமெரிக்காவில் 150 சர்க்கரை நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்துத் தொடர்ந்து பார்த்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வந்தது. ஹெச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழ் வந்தவர்கள் பைபாஸ் (இரைப்பையில் ஒரு சிறு பையைப் பிரித்துக் குடலோடு இணைக்கும் இன்னொரு முறை) பிரிவில் 29 சதவீதம், ஸ்லீவ் பிரிவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். வித்தியாசம் பெரிது. ஆனாலும் 'முற்றிலும் போய்விடும்' என்ற வாக்குறுதிக்கும் 29 சதவீதத்துக்கும் நடுவே காவிரியே ஓடுகிறது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பலர் இன்சுலின் வரை போனவர்கள். உங்களுக்கு நோய் வந்து ஐந்தே வருடம், இன்சுலின் இல்லை. அதனால் உங்கள் வாய்ப்பு அதைவிட நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். மாத்திரைகள் குறையும், சில வருடங்களுக்கு நின்றும் போகலாம். பிறகு திரும்பி வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நோய் அவ்வளவு காலம் ஒத்திவைக்கப்பட்டிருந்தால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அது லாபமே.

எடையும் அப்படித்தான். முதல் ஒன்று, ஒன்றரை வருடத்தில் உடல் எடையில் கால் பங்கோ சற்றுக் கூடுதலாகவோ குறையும். உங்களுக்கு 65 முதல் 68 கிலோ வரை வரலாம். பிறகு கொஞ்சம் ஏறும். ஏறாதவரை நான் அதிகம் பார்த்ததில்லை. சுவீடனில் 1987இல் தொடங்கி நெடுங்காலம் நடந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்கள் இருபது வருட முடிவில் சராசரியாக 18 சதவீத எடைக் குறைவோடு இருந்தார்கள். அன்று செய்த முறைகள் பெரும்பாலும் இன்று வழக்கொழிந்தவை என்றாலும், மனதில் வைத்துக்கொள்ள அது நல்ல எண். உங்கள் விஷயத்தில் 75 கிலோ. கல்யாண ஆல்பத்தில் இருக்கும் பெண் திரும்பி வரமாட்டார். 75 கிலோவில், சர்க்கரை கட்டுக்குள் இருக்க, மூட்டு வலியில்லாமல் மாடிப்படி ஏறும் ஐம்பத்தாறு வயதுப் பெண்ணாக இருக்கச் சம்மதமா என்பதுதான் கேள்வி. சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நெஞ்செரிச்சல். அதை எழுதிவிட்டு நீங்கள் கடந்து போய்விட்டீர்கள். மருத்துவமனையும் கடந்து போயிருக்கிறது.

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக்குகிறார்கள். வெட்டியது வெட்டியதுதான், திரும்பி வராது. நேர்த்தியான, ஒப்பீட்டளவில் எளிய முறை. பலருக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் குழாய் குறுகலாகிவிடுவதால் உள்ளே அழுத்தம் கூடும். அமிலம் மேலே ஏறும். முன்பே நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது மோசமாகும் வாய்ப்பு அதிகம். அது தாங்காமல் சில வருடம் கழித்து மறுபடியும் மேசையில் படுத்து பைபாஸுக்கு மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. தினமும் நெஞ்செரிச்சல் மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு எண்டோஸ்கோபி (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை) பார்க்காமல் ஸ்லீவ் என்று முடிவுசெய்வது, கால் அளவு பார்க்காமல் செருப்பு எடுப்பது போல. எண்டோஸ்கோபி செய்ததாக நீங்கள் எழுதவில்லை. செய்திருந்தால் அதை மறந்திருக்கமாட்டீர்கள், யாரும் மறப்பதில்லை.

பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல் நுனியில் 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதில் சிறுகுடலை நேரடியாக இணைக்கிறார்கள். அமிலம் பெரும்பாலும் கீழேயே தங்கிவிடுவதால் நெஞ்செரிச்சல் அடங்கும். சர்க்கரைக்கும் சற்றுக் கூடுதல் பலன். ஆனால் இங்கே உங்கள் வலி மாத்திரை குறுக்கே வருகிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். அறுவைக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவற்றைத் தொடக் கூடாது. பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சொல்லப்போனால், சர்க்கரை நோயாளியான நீங்கள் இப்போதே அவற்றைத் தொடக் கூடாது, சிறுநீரகத்துக்கு ஆகாது. உங்கள் நெஞ்செரிச்சலில் அந்த மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம். எந்த மெடிக்கலில் வாங்குகிறீர்களோ, அங்கே போவதை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது எண்டோஸ்கோபிக்குப் பிறகு, அறுவை மருத்துவரும் நீங்களும் பேசி முடிக்க வேண்டியது. என் சாய்வு பைபாஸ் பக்கம்.

மாத இறுதித் தள்ளுபடிக்கு எனக்கு ஒரே பதில்தான். ஆடித் தள்ளுபடியில் சேலை எடுக்கலாம், இரைப்பையைக் கொடுக்கக் கூடாது. பத்து வருடமாக ஏறிய எடைக்குப் பத்து நாளில் முடிவெடு என்று நெருக்குகிற இடத்தில், அறுவை முடிந்து பத்து மாதம் கழித்துக் கூப்பிட்டால் போனை எடுப்பார்களா என்று யோசியுங்கள்.

சென்னையில் இறந்த இளைஞரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2024 ஏப்ரலில் நடந்தது அது. புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர். சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை தொடங்கியதும் உடல்நிலை மோசமாகி, வேறு மருத்துவமனைக்கு மாற்றியும் பிழைக்கவில்லை. அரசு விசாரணைக் குழு அமைத்தது. அவசரநிலையைச் சமாளிக்கும் வசதி போதவில்லை என்று கண்டு, மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். உங்கள் பயம் நியாயமானது. அனுபவமுள்ள இடங்களில் இந்த அறுவையால் இறப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. பித்தப்பையை எடுக்கும் அறுவையோடு ஒப்பிடத்தக்கது. ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்று, வசதி இல்லாத இடத்தில் ஆயிரத்தில் ஒன்றாகவே இருக்காது. தையல் போட்ட இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது ஆகிய மூன்றும் முதல் சில வாரங்களின் பயங்கள். இவை வந்தால் அதே கட்டடத்துக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவு, இரவு இரண்டு மணிக்கும் வந்து நிற்கும் மயக்க மருத்துவர், மறுபடி திறந்து பார்க்கத் தெரிந்த கை, இரத்த வங்கி எல்லாம் வேண்டும். வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், போன வருடம் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அந்தக் கோபமே பதில். சில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. விளம்பரப் பலகை இல்லாததால் நம் கண்ணில் படுவதில்லை.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடம். அறுவை இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு வருவது நாற்பது வருடம்.

முதல் இரண்டு வாரம் திரவ உணவு மட்டும். பிறகு கூழாக, பிறகு குழைய வேகவைத்தது. வழக்கமான உணவுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அப்போதும் சின்னக் கிண்ணம் ஒன்று, அரை மணி நேரம், நன்றாக மென்று. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சோற்றைக் குழம்பில் பிசைந்து நான்கு வாயில் முடித்துவிட்டு அலுவலக பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பழக்கம் முடிந்துபோகும். அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வந்தாக வேண்டும். நம் சாப்பாட்டின் சிக்கல் இங்கேதான். ஓர் இட்லியில் இரண்டு கிராம்தான் இருக்கிறது. இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டால் கணக்கு எங்கே தேறும்? முட்டை ஒன்றில் ஆறு கிராம். மீன், கோழி, சுண்டல், பனீர், கெட்டித் தயிர் ஆகியவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடமிருந்தால் மட்டுமே சோறு. தட்டையே தலைகீழாக்க வேண்டும். கறியும் முட்டையும் உங்கள் வீட்டில் உண்டு என்று பேலியோவை வைத்து ஊகிக்கிறேன், அதனால் பாதி வேலை எளிது.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் வேறு தொல்லை. இலையில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். 'என்னம்மா, சமையல் பிடிக்கவில்லையா?' என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பார்கள். பைபாஸ் செய்துகொண்டவர் மரியாதைக்காகப் பாயசத்தை ஒரு டம்ளர் குடித்துவிட்டால், சில நிமிடங்களில் வியர்த்து, படபடத்து, கழிவறையைத் தேடுவார். என் நோயாளி ஒருவர் பந்திக்குப் போவதையே விட்டுவிட்டார்; மொய் எழுதிவிட்டு வாசலோடு வந்துவிடுகிறார். அவருக்கு அதில் வருத்தம் உண்டு. இதையெல்லாம் எந்தத் துண்டறிக்கையிலும் போடமாட்டார்கள்.

மாத்திரைகள் நிற்காது, மாறும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுள் முழுக்க. இரத்தப் பரிசோதனை வருடாவருடம். மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொத்தாகக் கொட்டும். பெண்கள் அதில்தான் அதிகம் கலங்குகிறார்கள். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். தோல் தொங்குவது அப்படித் திரும்பாது. பித்தப்பையில் கல் வரலாம். அதைத் தடுக்க முதல் ஆறு மாதம் ஒரு மாத்திரை தருவார்கள்.

ஒரு பெண்மணியைச் சொல்ல வேண்டும். ஸ்லீவ் செய்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. தினமும் வாந்தி. 'ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்' என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார். என்னிடம் வந்தபோது நடை தள்ளாடியது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பி1 வைட்டமின் உடலில் தீர்ந்துபோயிருந்தது. ஊசி போட்டதில் கண் சீக்கிரம் சரியானது. கால் மரத்துப்போனது தெளிய ஒரு வருடம் ஆயிற்று. இத்தனைக்கும் அவருக்குச் செய்யப்பட்ட அறுவையில் ஒரு குறையும் இல்லை. வாந்தி இரண்டு நாள் தொடர்ந்தால் எங்கே வர வேண்டும் என்று சொல்லி அனுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து, உங்கள் இரவுச் சமையலறை. கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள், நன்றி. பலர் இதைச் சொல்லாமலே மேசையில் போய்ப் படுக்கிறார்கள். பகல் முழுக்கப் பட்டினி போல இருந்தால் இரவில் உடல் வட்டியோடு வசூலிக்கும்; ஒரு பகுதி அதுவாக இருக்கலாம். இன்னொரு பகுதி, அந்த நேரம்தான் நாள் முழுவதிலும் உங்களை யாரும் எதுவும் கேட்காத நேரம் என்பதாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அறுவை மருத்துவர் இரைப்பையைத்தான் சிறிதாக்குவார், இரவை மாற்றமாட்டார். கடினமான உணவு சிக்கிக்கொண்டு உறுத்தும். ஆனால் மிக்சர், முறுக்குத் தூள், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட சத்துமாவுப் பானம் எல்லாம் அந்தக் குறுகல் குழாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும். எடை திரும்பியவர்களை விசாரித்தால் பாதிக் கதை இப்படித்தான் வருகிறது. இதற்காக உங்களுக்கு அறுவை கூடாது என்று சொல்லவில்லை. முன்னதாக ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நான்கைந்து முறை பாருங்கள். சாப்பாட்டோடு உங்களுக்குள்ள உறவைப் பேச வேண்டிய இடம் அது. மதியம் ஒழுங்காகச் சாப்பிடவும் தொடங்குங்கள். பேலியோ விட்டுப்போன குற்ற உணர்வில் இரண்டு வெள்ளரித் துண்டோடு நாளை ஓட்ட வேண்டாம்.

தோழி சொன்ன ஊசி. செமாகுளுடைடு, டிர்செபடைடு என்று இரண்டு மருந்துகள், எடைக்குறைப்புக்கென்று 2025 முதல் இந்தியாவில் கிடைக்கின்றன. வாரம் ஒரு ஊசி. ஆய்வுகளில் ஒன்றேகால், ஒன்றரை வருடத்தில் முதலாவது சராசரியாக 15 சதவீதமும் இரண்டாவது உச்ச அளவில் 20 சதவீதத்தை ஒட்டியும் எடையைக் குறைத்தன. சர்க்கரை நோயாளிகளுக்கு இதைவிடச் சற்றுக் குறைவாக இறங்கும். நல்ல மருந்துகள், நானும் எழுதுகிறேன். நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் குறைந்த எடையில் பெரும் பகுதி திரும்பிவிடுகிறது என்பதுதான் கசப்பு. குழந்தை வேண்டும் என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பாகவே. உங்கள் தோழிக்கு அது சரியாக இருக்கலாம். இன்னொரு குழந்தை ஆசை உள்ள உங்களுக்கு அது நடுவழியில் இறங்க வேண்டிய பஸ்.

குழந்தை ஆசைதான் இந்த முடிவுக்குக் கால அட்டவணை போடுகிறது. அறுவைக்குப் பிறகு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது, எடை வேகமாக இறங்கும் காலம் அது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 38 ஆகிவிடும். மனம் பதறும். ஆனால் 8.6 ஹெச்பிஏ1சியோடு இப்போதும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் ஆபத்து கூடுதல். எந்த வழியில் போனாலும் முதலில் சர்க்கரையை இறக்கியாக வேண்டும், ஆகவே காத்திருக்கும் காலம் வீண் இல்லை. எடை இறங்கும்போது கருத்தரிக்கும் திறன் எதிர்பாராமல் கூடிவிடுவதுண்டு. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்பக் கூடாது, காப்பர் டி போன்றது நல்லது. மகப்பேறு மருத்துவரிடம் அறுவைக்கு முன்பே ஒருமுறை பேசிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், இதை அறுவை மருத்துவமனையில் யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. நீங்கள் சாப்பிடும் கிளிமிபிரைடு எடையைக் கூட்டக்கூடிய மாத்திரை. சர்க்கரையை இறக்கும், பசியையும் கிளப்பும். அதற்கு மாற்றாக எடை ஏற்றாத மாத்திரைகள் இருக்கின்றன. உங்கள் மருத்துவரிடம் அதை மாற்ற முடியுமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். குறட்டை பற்றி எழுதவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்காது. கணவரைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் அதற்கான பரிசோதனையை மயக்க மருந்துக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். செய்துகொள்ளலாம். உங்கள் வயது, பிஎம்ஐ, கட்டுக்குள் வராத சர்க்கரை, மூன்று முறை உண்மையாக முயன்று பார்த்தது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், என் தங்கையாக இருந்தால் தடுக்கமாட்டேன். ஆனால் இந்த மாதம் வேண்டாம், எண்டோஸ்கோபி இல்லாமல் வேண்டாம், ஒரே ஓர் இடத்தில் கேட்டுவிட்டும் வேண்டாம். மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மாத்திரையை மாற்றி, இரவுச் சாப்பாட்டைப் பேசித் தீர்த்து, இன்னோர் அறுவை மருத்துவரிடமும் கருத்துக் கேட்டுவிடுங்கள். இந்த இடைவெளியிலேயே ஹெச்பிஏ1சி 7க்குக் கீழே வந்து எடையும் இறங்கத் தொடங்கினால், அறுவையைத் தள்ளிப்போடும் உரிமை உங்களுக்கு உண்டு. யாரும் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை.

காப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் ஒரு வார்த்தை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி பிஎம்ஐ 40, அல்லது 35உடன் கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் போன்றவை இருந்து, மற்ற வழிகள் பலிக்கவில்லை என்று காட்டினால் பாலிசியில் இடம் உண்டு. உங்கள் உயரத்துக்கு 35 என்பது 87 கிலோவுக்குச் சற்று மேலே. அறுவைக்கு முன் கல்லீரலைச் சுருக்க இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு தருவார்கள். அதில் நான்கு கிலோ இறங்கிவிட்டால் கணக்கு உதைக்கும். இன்றைய எடையையும் உயரத்தையும் மருத்துவரின் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய டயட் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

மருத்துவரைப் பார்க்க அடுத்த முறை போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். அவரும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்தானே. வாயைக் கட்டியே அவர் ஏன் அதைச் சரிசெய்துகொள்ளவில்லை என்று நீங்கள் கேட்டால் வீட்டில் சண்டை வரும். மருத்துவர் கேட்கட்டும்.

எண்டோஸ்கோபி அறிக்கை கைக்கு வந்ததும் எழுதுங்கள்.